ஆரஞ்சு சுவீடனுக்குப் போன கதை: நிறப்பெயர் வரலாறு எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிறப்பெயர்களின் வேர் தேடி எழுதப் புதிதாக வருகிறவர்கள், ஒரு காலத்தில் நான் விழுந்த அதே குழிகளில் விழுகிறார்கள். எழுத்துப்பிழையைப் பத்திரிகை ஆசிரியர் பார்த்துக்கொள்வார், அதை விடுங்கள்.

பழத்தோடு பெயரும் போனது என்பது

இதைப் படித்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். நாரத்தை, சமஸ்கிருத நாரங்க, பாரசீக நாரங், அரபு நாரஞ்ச், பிரெஞ்சு ஒராஞ்ச் என்று வரிசையாக அடுக்கி, "பழம் சுவீடனுக்குப் போனது, பெயரும் கூடவே போனது" என்று முடித்துவிடுகிறார்கள். ஒரு சிறுபத்திரிகையில் இது அப்படியே அச்சானது. ஸ்டாக்ஹோமில் வசிக்கும் வாசகர் ஒருவர் எழுதினார்: "இங்கே கடையில் போய் ஆரஞ்சு கேட்டுப் பாருங்களேன்." அடுத்த இதழில் திருத்தம் போட்டார்கள்.

அங்கே பழத்துக்குப் பெயர் 'அப்பெல்சீன்'. 'சீனத்து ஆப்பிள்' என்று பொருள். 'ஒரான்ஷ்' நிறத்துக்கு மட்டும்தான். பிரெஞ்சிலிருந்து தனியாக வாங்கியது. அது பரவும் முன் அந்த நிறத்துக்கு 'பிராண்ட்குல்', அதாவது நெருப்பு மஞ்சள் என்ற பெயர் இருந்தது.

கசப்பு ஆரஞ்சு மட்டும் 'பொமெரான்ஸ்'. கிறிஸ்துமஸ் ரொட்டி மாவில் அதன் தோலைப் போடுவார்கள். கனியைக் குறிக்கும் லத்தீன் 'போமும்' முன்னால் ஒட்டியிருக்கிறது. பின்பாதியில் இருப்பது நம் நாரங்கின் பேரப்பிள்ளை. பெருமை பேச ஆசையிருந்தால் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: சமஸ்கிருதச் சொல் திராவிடத்திலிருந்து 'போயிருக்கலாம்' என்றுதான் அறிஞர்கள் எழுதுகிறார்கள். அந்த 'லாம்' மீது கத்திரி வைக்காதீர்கள்.

இன்றைய பொருளைப் பழஞ்சொல்லில் ஏற்றுவது

சுவீடிஷ் 'புளோ' இன்று நீலம். அதன் மூதாதை, ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழியான பழைய நோர்ஸில் இருந்த 'புளார்', கருமையையும் குறித்தது. அண்டங்காக்கையின் நிறத்துக்கும் அதுவே சொல். பழங்கதைகளில் வருவதையெல்லாம் நீலம் என்று பெயர்த்தால் காக்கையும் நீலமாகிவிடும்.

உருவத்தைப் பார்த்துப் பிரிப்பது

'கிரேடெலீன்' என்பது வெளிறிய ஊதா. சுவீடிஷில் துண்டு துண்டாக்கிப் பொருள் தேட வேண்டாம். பிரெஞ்சு 'கிரி தெ லேன்', அதாவது ஆளிச்செடியின் சாம்பல் நிறம், அவ்வளவுதான்.

அகராதியைத் திறக்காமல் எழுதுவது

சுவீடிஷ் அகாதெமியின் பேரகராதி 2023-ல் முழுமையடைந்தது. இணையத்தில் இலவசம். சாக்குச் சொல்ல வழியில்லை.