வகிடு அகலும் வயதில்: நாற்பதுக்குப் பிறகு முடியைப் பேணுதல்

நாற்பதைத் தாண்டிய பெண்கள் பலர் தங்கள் முடி மெலிந்துவிட்டதைச் சீப்பில் கண்டறிவதைவிடக் கண்ணாடியில்தான் முதலில் காண்கிறார்கள். கோடு போலிருந்த வகிடு மெல்ல அகன்று, உச்சிக்கு அருகில் தோல் தெரியத் தொடங்குகிறது. மூன்று சுற்றில் நின்ற ரப்பர் பேண்டு நான்காவது சுற்றையும் கேட்கிறது. அடுத்த வாரமே புதிய எண்ணெய்ப் புட்டி ஒன்று வீட்டுக்கு வந்துவிடுகிறது. எந்த எண்ணெய் நல்லது என்று கேட்பதற்கு முன், முடி ஏன் மெலிகிறது என்று கேட்க வேண்டும். அக்கேள்விக்கான விடை கணிசமான பெண்களுக்கு இரத்தப் பரிசோதனைத் தாளில்தான் கிடைக்கிறது.

தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொரு முடியும் இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வரை, மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வீதம் வளர்ந்து, பிறகு வளர்ச்சியை நிறுத்தி, மூன்று மாத அளவில் ஓய்வெடுத்துக் கீழே விழுகிறது. அதே மயிர்க்காலிலிருந்து மற்றொன்று முளைக்கிறது. இந்த வளர்ச்சிக் காலத்தை நீட்டித்துத் தருவதில் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோனுக்குப் பங்குண்டு. கர்ப்ப காலத்தில் அடர்ந்திருந்த முடி குழந்தை பிறந்த சில மாதங்களில் கொத்துக் கொத்தாக உதிர்ந்ததை நினைவில் வைத்திருக்கும் தாய்மாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிடாய் நிற்கிறது. அதற்கு முந்தைய சில ஆண்டுகளிலேயே ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கித் தடுமாறத் தொடங்குவதால், முடியின் வளர்ச்சிக் காலம் சுருங்குகிறது. இடுப்பைத் தொட்ட பின்னல் முதுகோடு நின்றுவிடுவது இதனால்தான். மரபுவழி இயல்பு உள்ளவர்களுக்கு மயிர்க்கால்களும் சிறுத்து, ஒவ்வொரு முறையும் முன்னதைவிட மெல்லிய முடியையே முளைக்கச் செய்கின்றன. ஆண்களைப் போல நெற்றி ஏறாமல், முன் வரிசை அப்படியே இருக்க, வகிடு மட்டும் அகல்வது இவ்வகையின் அடையாளம்.

கொட்டுவதும் மெலிவதும் ஒன்றல்ல

டெங்கு, சிக்குன்குனியா போன்ற கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை, பட்டினி கிடந்து எடை குறைத்தல், வீட்டில் ஒரு மரணம் ஆகியவற்றுக்குப் பின் இரண்டு, மூன்று மாதம் கழித்து முடி கைநிறைய உதிரலாம். இடையில் இத்தனை நாள் கடந்துவிடுவதால் காரணத்தை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அண்மையில் மாற்றிய ஷாம்புவின் மீது பழி விழுகிறது. இந்த உதிர்தல் பெரும்பாலும் ஆறு மாதங்களுக்குள் தானே அடங்கும். வகிடு அகலும் மெலிவு அப்படி அடங்குவதில்லை, ஆண்டுக்கணக்கில் மெதுவாக நடப்பது. சில பெண்களுக்கு இரண்டும் ஒரே நேரத்தில் வருவதும் உண்டு.

எனவே முதல் வேலை கவனிப்பது. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பே. நான்கு நாளைக்கு ஒரு முறை தலைக்குக் குளிப்பவருக்கு அந்த நான்கு நாள் உதிர்வும் குளியலறை ஜாலியில் ஒன்றாகச் சேர்ந்து 200, 300 முடியாகத் தெரியும். அதைக் கண்டு பயந்து குளியலைத் தள்ளிப் போட்டால் அடுத்த முறை உருண்டை இன்னும் பெரிதாகவே இருக்கும். எண்ணிக்கொண்டிருப்பதைவிட, மாதத்துக்கு ஒரு முறை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், நடு வகிடு எடுத்து வீட்டாரைக் கைப்பேசியில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். பின்னலின் அடியை நூலால் ஒரு சுற்றுச் சுற்றி, அந்நூலை அளந்து குறித்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து மருத்துவரிடம் காட்டும்போது, ‘ரொம்பக் கொட்டுதுங்க’ என்பதைவிட இந்தப் படங்களும் அளவுகளும் அவருக்கு மிகவும் உதவும்.

இரத்தத்தைப் பாருங்கள்

நாற்பதுகளில் கருமுட்டை ஒழுங்காக வெளியாகாத மாதங்கள் கூடுவதால் கருப்பையின் உள்சவ்வு தடித்து, மாதவிடாய் வரும்போது பெரும்போக்காக வருவது சாதாரணமாக நடப்பது. கருப்பையில் நார்க்கட்டி இருந்தாலும் அப்படியே. ‘நிற்கும் வயதில் இப்படித்தான் இருக்கும்’ என்று மூத்தவர்கள் சொல்ல, பெண்களும் பொறுத்துக்கொண்டு போகிறார்கள். மாதந்தோறும் இப்படி இழக்கும் இரும்புச்சத்தை உடல் முதலில் உயிர் காக்கும் வேலைகளுக்கு ஒதுக்கிவிடுகிறது. முடி அதன் கணக்கில் கடைசி வரிசை. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருந்தது. நாப்கினை மணிக்கொரு முறை மாற்ற வேண்டியிருந்தாலோ, உதிரப்போக்கு ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ, பெரிய கட்டிகளாக வெளிப்பட்டாலோ, முடிக்கு மருந்து தேடும் முன் மகப்பேறு மருத்துவரைப் பார்ப்பதே முறை.

ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்பதோடு திருப்தி அடைந்துவிடக் கூடாது. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அதற்கு முன்பே தாழ்ந்திருக்கலாம். காய்ச்சலோ அழற்சியோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதால், உடல் நலமாக உள்ள நாளில் அதைச் சோதித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் இரும்பு மாத்திரை எழுதித் தந்தால், அதைக் காபி, தேநீர், பால் ஆகியவற்றோடும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடும் சேர்த்து விழுங்காமல், எலுமிச்சைச் சாறு கலந்த நீரோடு எடுத்துக்கொள்ளுங்கள். இரத்த அளவு சீரான பிறகும் சேமிப்பு நிறைய மேலும் சில மாதங்கள் ஆகும். மலம் கறுக்கிறது, வயிறு பிடிக்கிறது என்று பாதியில் நிறுத்துவோர்தான் அதிகம். மாத்திரையை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாமே தவிர நிறுத்தக் கூடாது. மாதவிடாய் முற்றிலும் நின்றுபோன பெண்ணுக்கு இரும்புச்சத்துக் குறைந்தால் கதை வேறு: குடலிலோ வயிற்றிலோ இரத்தம் கசிகிறதா என்று பார்த்தாக வேண்டும்.

அடுத்தது தைராய்டு. காரணமில்லாத களைப்பு, எடை கூடுதல், மலச்சிக்கல், குளிர் தாங்காமை, புருவத்தின் வெளி ஓரம் உதிர்தல், முடி நாராக உலர்தல் எல்லாம் ஒன்றாக வரும்போது, வயதாகிறது என்று அவற்றை ஏற்றுக்கொள்வது எளிது. டிஎஸ்எச் என்ற ஒரே சோதனை ஐயத்தைத் தீர்த்துவிடும். சைவ உணவினர் பி12 அளவையும் பார்த்துக்கொள்வது நல்லது. முடிக்கென்று விற்கப்படும் பயோட்டின் மாத்திரையை உட்கொள்பவர்கள், சோதனைக்கு எத்தனை நாள் முன்பாக அதை நிறுத்த வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். தைராய்டு முடிவையும், மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் முடிவையும் பயோட்டின் பிழையாகக் காட்டக்கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017இலேயே எச்சரித்தது. நாள் தேவை சுமார் 30 மைக்ரோகிராமாக இருக்க, மாத்திரைகளில் 10 மில்லிகிராம் வரை, அதாவது முந்நூறு மடங்குக்கு மேல், அடைத்து விற்கிறார்கள். பயோட்டின் குறைபாடே அரிது. அந்தப் பணத்துக்கு முட்டை வாங்கலாம்.

உண்மையில் குறைவது புரதம்தான், ஏனெனில் முடியின் பெரும்பகுதி கெராட்டின் என்னும் புரதமே. எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது பரிந்துரை. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 46 கிராம் ஆகிறது. காலையில் காபி, பிறகு இரண்டு இட்லி, எல்லோரும் உண்டபின் மிஞ்சிய சோற்றில் ரசம், இரவில் ஒரு தோசை என்று கடத்துபவருக்கு இதில் பாதி கிடைப்பதே கடினம். ஒரு முட்டையில் ஆறு கிராம் இருக்கிறது. கெட்டிப் பருப்பு, சுண்டல், நிலக்கடலை, மீன், தயிர் இவற்றில் ஏதேனும் ஒன்று மூன்று வேளையிலும் தட்டில் இருக்கட்டும். கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்பு நன்றாக உறிஞ்சப்படும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் காபியை ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள்.

எண்ணெய், குளியல், கொண்டை

எண்ணெய் மயிர்க்காலைத் தூண்டிப் புது முடியை வளர்க்கும் என்பதற்கு நல்ல சான்று கிடையாது. இருக்கும் முடி முறியாமல் காப்பதில்தான் அதன் பயன். தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் ஊடுருவி, கழுவும்போது ஏற்படும் புரத இழப்பைக் குறைக்கிறது என்றும், சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் அவ்வாறு செய்வதில்லை என்றும் 2003இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தினர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆகவே குளிப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு, முடியின் நடுவிலிருந்து நுனி வரை தடவுங்கள்; அழுத்தித் தேய்த்து மண்டையைச் சூடாக்கத் தேவையில்லை. பொடுகு உள்ளவர்கள் உச்சந்தலையில் எண்ணெயை ஊற விடவே கூடாது, ஏனெனில் பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கு அந்தக் கொழுப்புத்தான் தீனி. கீட்டோகோனசோல் ஷாம்புவை வாரம் இரு முறை, ஐந்து நிமிடம் தலையில் வைத்திருந்து கழுவுவது அவர்களுக்குப் பலன் தரும்.

செவ்வாய், வெள்ளி என்ற பழைய வழக்கம், வெயிலில் வேலை செய்யாத பெண்ணுக்கு இன்றும் போதுமானதே. சீயக்காயும் அரப்பும் பயன்படுத்தலாம். கரகரப்பான தூள் நரைத்த, உலர்ந்த முடியைச் சிக்காக்கும் என்பதால் சலித்து, கஞ்சியில் கரைத்துத் தேய்ப்பது நல்லது. ஆழ்துளைக் கிணற்று உப்புநீரில் குளிக்க வேண்டிய ஊர்களில், கடைசியாக ஒரு செம்பு நல்ல தண்ணீரை ஊற்றி அலசினால் வெள்ளைப் படிவும் சொரசொரப்பும் குறையும். ஈர முடி எளிதில் நீண்டு அறுந்துவிடும் என்பதால், துண்டால் அடித்துத் துவட்டுவதையும் சொட்டச் சொட்டச் சீவுவதையும் விட்டுவிடுங்கள். பாதி உலர்ந்ததும் அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள்.

மெலிந்த முடியை மறைப்பதற்காக இழுத்துக் கட்டுவதும், சவுரி வைத்துப் பின்னி அதன்மேல் முழம் முழமாகப் பூ வைப்பதும் நெற்றியோர மயிர்க்கால்களை நாள்தோறும் பிடுங்குவதற்குச் சமம். பல ஆண்டுகள் அப்படி இழுபட்ட இடத்தில் முடி திரும்ப முளைக்காமலே போகலாம். கல்யாண வீட்டுக்குச் சவுரி இருக்கட்டும். அன்றாடத்துக்குத் தளர்ந்த பின்னலே நல்லது, வகிட்டின் இடத்தையும் அவ்வப்போது மாற்றிக்கொள்ளுங்கள்.

நரைக்குச் சாயம்

மருதாணி மட்டும் அரைத்துப் பூசினால் நரை செம்மஞ்சளாகவே மாறும். அதன்பின் அவுரிப் பொடி பூசினால்தான் கருமை வரும். ‘மருதாணி’ என்று எழுதிய பொட்டலம் ஒரே பூச்சில் கன்னங்கரேலென்று கறுக்க வைத்தால், அதில் பாராஃபினைலீன்டைஅமின் என்னும் இரசாயனம் இருக்க வாய்ப்புண்டு. பல ஆண்டு ஒத்துக்கொண்ட சாயமே திடீரென்று ஒருநாள் ஒவ்வாமையாகி, கண் இமைகள் வீங்கி, காதோரம் நீர் வடியச் செய்யும். எனவே ஒவ்வொரு முறையும் காதின் பின்புறம் சிறிது தடவி 48 மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிராண்டை மாற்றிப் பார்ப்பது ஆபத்து. அந்த இரசாயனம் இல்லாததைத் தோல் மருத்துவரிடம் கேட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். சாயமே வேண்டாம் என்று விட்டுவிடுவதும் ஒரு வழி.

மருந்தும் மருத்துவரும்

வகிடு அகலும் மெலிவுக்கு நன்கு சோதிக்கப்பட்ட பூச்சு மருந்து மினாக்ஸிடில். இதை முடியில் பூசிப் பயனில்லை, தோலில் படும்படி வகிடு பிரித்துப் பூச வேண்டும். முதல் சில வாரங்களில் முடி முன்பைவிட அதிகமாக உதிரலாம். பழைய முடியைத் தள்ளிக்கொண்டு புதியது வருவதன் அறிகுறி அது என்று அறியாதவர்கள் அங்கேயே கைவிட்டுவிடுகிறார்கள். பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். நிறுத்தினால் பலனும் சில மாதங்களில் போய்விடும். நெற்றியில் வழிந்தால் முகத்தில் பூனைமுடி வளரலாம். கர்ப்பிணிகள் இதைப் பயன்படுத்தக் கூடாது. மாதவிடாய் தாறுமாறாகிவிட்டது என்பதால் கருத்தரிக்காது என்று எண்ணிவிடவும் கூடாது. பூனை வளர்ப்பவர்கள் அது தலையணையை நக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பூனைகளுக்கு இம்மருந்து நஞ்சு. ஆண் ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரைகள் மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே எடுத்துக்கொள்ளத்தக்கவை.

சில அறிகுறிகளுக்கு ஆறு மாதம் படம் எடுத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. நாணய வடிவில் வழுக்கை விழுவது புழுவெட்டாக இருக்கலாம். குரல் தடித்து, முகத்தில் முடி வேகமாக வளர்ந்தால் ஆண் ஹார்மோன் எங்கிருந்து கூடுகிறது என்று ஆராய வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கே மிகுதியாக வருவதாக, ஸ்டீவன் கோசார்ட் என்னும் ஆஸ்திரேலிய மருத்துவர் 1994இல் விவரித்த நோய் ஒன்று உண்டு: முன் நெற்றியின் முடி வரிசை ஓர் அங்குலம், ஈரங்குலம் என்று பின்வாங்கி, அவ்விடம் வெளிறி வழவழப்பாகி, புருவமும் உதிரும். அதில் மயிர்க்கால் தழும்பாகிவிடுவதால் போன முடி திரும்பாது. எஞ்சியதைத்தான் காக்க முடியும். ஆகவே நெற்றி முன்பைவிட அகன்று, புருவமும் மெலிந்து, முடியோரத்தில் சிவப்போ அரிப்போ தெரிந்தால் அந்த வாரத்திலேயே தோல் மருத்துவரிடம் செல்லுங்கள். பழைய புகைப்படம் ஒன்றையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.