பள்ளி மலர் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்திலும் ஏற்காட்டிலும் பள்ளிகளின் நூற்றாண்டு மலருக்கு 1950-களைப் பற்றி எழுத உட்காரும்போது, ‘அன்றே எங்கள் பள்ளியில் மனநல ஆலோசனை இருந்தது’ என்று எழுதிவிடக் கை துறுதுறுக்கும். சான்று இல்லாவிட்டால் எழுதாதீர்கள். 1917-இல் தொடங்கிய ஏற்காடு மான்ட்ஃபோர்ட் போன்ற உறைவிடப் பள்ளிகளில், அவற்றை நடத்திய கிறிஸ்தவத் துறவிகளான பிரதர்கள் பிள்ளைகளைத் தட்டிக்கொடுத்திருக்கலாம், கண்டித்தும் இருக்கலாம். ஆனால் அக்காலக் குழந்தை வழிகாட்டு மையம் என்பது வேறு. மனநல மருத்துவர், உளவியலாளர், வீட்டுக்கே போய் விசாரிக்கும் சமூகப் பணியாளர் ஆகிய மூவரும் கூடி ஒரு பிள்ளையைப் பார்ப்பது அதன் அடிப்படை. 1909-இல் சிகாகோவில் மருத்துவர் வில்லியம் ஹீலி தொடங்கிய பணியிலிருந்து கிளைத்த இந்த முறை, 1927-இல் லண்டனுக்கும் 1937-இல் பம்பாய்க்கும் வந்தது.

பரிந்துரையை நடைமுறை என்று கொள்வது அடுத்த தவறு. லட்சுமணசுவாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு 1953-இல் மாணவருக்கு வழிகாட்டுதல் வேண்டும் என்றது. அறிக்கை வந்த மறுநாளே சேலம் அம்மாபேட்டை வகுப்பறைக்குள் உளவியலாளர் நுழைந்துவிடவில்லை. தவிர, அந்த அறிக்கையின் வழிகாட்டுதல் பெரும்பாலும் பாடத்தையும் தொழிலையும் தேர்ந்தெடுப்பது பற்றியது.

எல்லாவற்றிலும் மோசமானது, பழைய கோப்பில் கிடைக்கும் அறிவுத்திறன் எண்ணை (ஐ.க்யூ.) அப்படியே நம்புவது. மன வயதை, அதாவது சோதனையில் பிள்ளை எந்த வயதினருக்குரிய திறனைக் காட்டியதோ அந்த வயதை, உண்மை வயதால் வகுத்து நூறால் பெருக்கினார்கள்; பத்து வயதுப் பிள்ளைக்கு மன வயது எட்டு என்றால் 80. கணக்கு சரிதான். ஆனால் எந்த மொழியில் கேட்டார்கள்? இந்தியாவில் காமத் என்பவர் 1930-களில், பிரெஞ்சு உளவியலாளர் பினே உருவாக்கிய அறிவுத்திறன் சோதனையைக் கன்னடத்துக்கும் மராத்திக்கும் ஏற்பத் திருத்தியமைத்தார். சேலத்து நெசவாளர் வீடுகளிலோ சௌராஷ்டிரமும் தெலுங்கும் கன்னடமும் பேசினார்கள். வீட்டில் ஒன்றும் பள்ளியில் தமிழுமாக வளர்ந்த பிள்ளை சொல் தேடித் தடுமாறினால் அது மந்தம் ஆகிவிடுமா? தறிவேலை மும்முரமான நாட்களில் பள்ளிக்கு வராத பிள்ளையின் கதையும் இதேதான். பினே 1905-இல் சோதனையை உருவாக்கியதே கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறியத்தான். தலையெழுத்தைச் சொல்ல அல்ல. எண்ணைக் குறிப்பிட்டே ஆகவேண்டும் என்றால் சோதனையின் பெயர், மொழி, நடத்திய ஆண்டு மூன்றையும் கூடவே எழுதுங்கள்.

இங்கிலாந்தின் 1944 கல்விச் சட்டத்தையும் அதையொட்டிய மாணவர் வகைப்பாடுகளையும் இங்கே கொண்டுவந்து ஒட்டவேண்டாம். அவை அந்த நாட்டு ஏற்பாடு.

கடைசியாக, பிள்ளைகளின் பெயர். எழுபது ஆண்டுப் பழைய குறிப்புதானே என்று அச்சிட்டுவிடாதீர்கள். பெயரை மட்டும் அடித்துவிட்டாலும் போதாது. தெரு, தந்தையின் தொழில், படித்த ஆண்டு மூன்றும் கிடைத்தால் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஆள் யார் என்று பத்தே நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள்.