கெட்ட கேரக்டர் ஆடலாம், குழுவைக் கெடுக்காமல்

ஆளுக்கொரு கேரக்டராகப் பேசிக் கதை நடத்தும் மேசை ஆட்டமான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடும் குழுவில் ஒருவர் "இந்தத் தடவை நான் ஈவில் கேரக்டர் எடுக்கிறேன்" என்று சொன்னால், கதையை நடத்தும் டஞ்சன் மாஸ்டர்களான டிஎம்கள் பலர் யோசிக்காமலே மறுத்துவிடுகிறார்கள். ஏற்கெனவே சூடுபட்டவர்கள் அவர்கள். ஒரே ஒரு ரோக் (திருட்டில் கைதேர்ந்த கேரக்டர்) தன் கூட்டாளிகளின் பையையே துழாவியதில், பல வாரம் தொடரும் கதையான கேம்பெய்ன் பாதியில் நின்றுபோனதைப் பார்த்திருப்பார்கள். ஆனால் கெட்டவனைச் சரியாக ஆடினால் கதைக்கு வருகிற வேகமே தனி. பாளையங்கோட்டையில் ஞாயிறு மதியம் கூடுகிற எங்கள் குழுவில் டிஎம்மாக உட்கார்ந்து பார்த்தவரை, தவறுகள் எப்போதும் ஒரே சில இடங்களில்தான் நடக்கின்றன.

பெரிய தவறு, கெட்டவன் என்றாலே கூட இருப்பவனுக்குக் குழி பறிப்பவன் என்று நினைப்பது. எல்லோரும் தூங்கும்போது காவல் இருப்பவர், சபதம் ஏற்ற வீரனான பாலடினின் பையிலிருந்து, காயம் ஆற்றும் மருந்தான ஹீலிங் போஷனை எடுத்துக்கொள்கிறார். மறுநாள் சண்டைக்கு நடுவில் "ஏல, எங்கல என் போஷன்?" என்று பாலடின் தேடும்போது, "என் கேரக்டர் அப்படித்தான் செய்வான்" என்று பதில் வருகிறது. இந்தப் பதில் காதில் விழுந்தால் ஆட்டத்தை அங்கேயே நிறுத்திப் பேசுங்கள். அந்தக் கேரக்டரை உருவாக்கியவர் அவர்தானே? கூட்டாளி மேல் கை வைக்காத ஒரு கெட்டவனை உருவாக்க அவரை யாரும் தடுக்கவில்லை. மற்றவர்கள் வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு, அம்பாசமுத்திரத்திலிருந்தும் வள்ளியூரிலிருந்தும் பஸ் பிடித்து வருகிறவர்கள். திருட்டுக் கொடுப்பதற்கா அவ்வளவு தூரம் வருகிறார்கள்?

எப்படி ஆட வேண்டும் என்பதற்கு எங்கள் பக்கத்துக் கதையே ஒன்று இருக்கிறது. ஐப்பசி சஷ்டிக்குத் திருச்செந்தூர்க் கடற்கரையில் சூரசம்ஹாரம் பார்த்தவர்களுக்குச் சிங்கமுகனைத் தெரியும், சூரபத்மனின் தம்பி. சிறையில் கிடக்கும் தேவர்களை விட்டுவிடு என்று சபையிலேயே அண்ணனுக்குப் புத்தி சொல்பவனாகக் கந்த புராணம் அவனைக் காட்டுகிறது. அண்ணன் கேட்கவில்லை. அதற்காகத் தம்பி கட்சி மாறவில்லை. தோற்போம் என்று தெரிந்தும் அண்ணனுக்காகவே போருக்குப் போய்ச் சாகிறான். அசுரன்தான், ஆனால் அவனைப் போல ஒருவன் உங்கள் பார்ட்டியில், அதாவது கதைக்குள் சேர்ந்து போகும் கூட்டத்தில், இருந்தால் யார் வேண்டாம் என்பார்கள்? ஊரைக் கொளுத்தத் தயங்காத ஒருவன் தன்னோடு இருக்கும் நாலு பேருக்காக மட்டும் உயிரைக் கொடுப்பான் என்றால், அவனைப் பற்றி இன்னும் தெரிந்துகொள்ள எல்லோருக்கும் ஆசை வரும்.

அதனால் கேரக்டரின் விவரம் எழுதும் ஷீட்டை நிரப்பும்போதே, இந்த பார்ட்டியில் யாருக்கு மட்டும் இவன் துரோகம் செய்யமாட்டான், ஏன் செய்யமாட்டான் என்பதற்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள். காரணம் பாசமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. கடனாக இருக்கலாம். தன் சாபத்தை நீக்க தெய்வ மந்திரம் தெரிந்த அந்த கிளெரிக் உயிரோடு வேண்டும் என்ற சுயநலமாகக்கூட இருக்கலாம்; அதுவும் நன்றாகவே ஓடும்.

அடுத்தது, ஆசையே இல்லாத கெட்டவன். சத்திரத்துக்குள் நுழைகிறான், சத்திரக்காரனை வெட்டுகிறான். ஏன் என்று கேட்டால் "நான் கேயாட்டிக் ஈவில்" (ஒழுங்குக்கு அடங்காத கெட்டவன்) என்கிறார் ஆடுபவர். முதல் தடவை சிரிப்பு வரும், மூன்றாவது தடவை எல்லோரும் போனை எடுத்துவிடுவார்கள். சூரபத்மனே வழியில் போகிறவனையெல்லாம் வெட்டிக்கொண்டு திரிந்தவன் இல்லை. கடுந்தவம் இருந்து 1008 அண்டங்களை 108 யுகம் ஆளும் வரம் வாங்கினான். அவ்வளவு பெரிய ஆசையும், அதற்காக எதையும் இழக்கும் பிடிவாதமும் இருந்ததால்தான் அவன் செய்த கொடுமைக்குக் கதையில் கனம் இருக்கிறது. ஏதோ ஒரு சக்தியோடு ஒப்பந்தம் போட்டு மந்திரம் பெற்ற உங்கள் வார்லாக்குக்கும் ஒரு ஆசை வேண்டும். அது கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் இன்னும் நல்லது: பறிபோன நிலம், தம்பியின் உயிர், ஒரு பட்டம். அதை அடைய எது வரைக்கும் போவான் என்பதுதான் ஒவ்வொரு செஷனிலும் எழ வேண்டிய கேள்வி.

கேரக்டரின் குணவகையான அலைன்மென்ட்டைக் கட்டளையாக எடுத்துக்கொள்வதிலும் குழப்பம் வருகிறது. 1974-ல் இந்த ஆட்டம் வெளிவந்தபோது லா (ஒழுங்கு), நியூட்ரல் (நடுநிலை), கேயாஸ் (ஒழுங்கின்மை) என்று மூன்றுதான் இருந்தன. நல்லது, கெட்டது என்ற கோடும் சேர்ந்து ஒன்பதாகப் பிரிந்து 1978-ன் விதிப்புத்தகத்தில் வந்தது. அது குணத்தைச் சுருக்கமாகச் சொல்லும் குறிப்பு. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அது உத்தரவு போடுவதில்லை. பழைய பதிப்புகளில் பாலடின் தெரிந்தே கெட்டவர்களோடு சேர்ந்து போகக் கூடாது என்று இருந்தது. 2014-ன் ஐந்தாம் பதிப்பில் அந்தத் தடை இல்லை. அதில் பாலடினின் டிவைன் சென்ஸ் என்ற உணர்வு சக்தி, தேவர்கள், ஃபீண்ட்கள் (நரகத்துத் தீய சக்திகள்), அன்டெட் (செத்தும் நடமாடுபவை) போன்றவற்றைத்தான் காட்டும். பக்கத்தில் நிற்கும் மனிதனின் கெட்ட மனதைக் காட்டாது. பாலடின் இருக்கிறார் என்று சொல்லி ஈவில் கேரக்டரை மறுக்கிற டிஎம்கள் இதைக் கவனிக்கலாம்.

ரகசியத்தைப் பற்றி ஒன்று. டிஎம்முக்குத் துண்டுச்சீட்டு அனுப்பி மாதக்கணக்கில் துரோகம் திட்டமிடுவதில் ஒரு கிளுகிளுப்பு இருக்கிறது, ஆனால் உடையும்போது நட்பும் சேர்ந்து உடைகிறது. கேரக்டர்களுக்குத் தெரியாமல் இருக்கட்டும், ஆடுகிறவர்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். சுவை போய்விடும் என்ற பயம் வேண்டாம். சூரன் கடைசியில் மாமரமாக நிற்பான் என்பது திருச்செந்தூர்க் கடற்கரையில் தோளில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கும் தெரியும். தெரிந்துதான் அத்தனை கூட்டமும் வருகிறது.

எல்லாவற்றையும்விட நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. கொடுமையைக் காட்டுவதற்கு நிஜக் கொடுமையைக் கடன் வாங்குகிறார்கள். சாதித்திமிர் பிடித்த ஜமீன்தார், ஊரைவிட்டு விரட்டுவது, பெண்களைச் சீண்டுவது. திருநெல்வேலிப் பக்கம் இவை கற்பனை இல்லை. 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தில், போலீஸ் தடியடிக்கு நடுவே தாமிரபரணியில் 17 பேர் உயிரிழந்தார்கள். உங்கள் வில்லனின் படை ஒரு கூட்டத்தை ஆற்றுக்குள் விரட்டுவதாக நீங்கள் விவரிக்கும்போது, எதிரே இருப்பவரின் வீட்டில் அந்த நாளின் நினைவு இருக்கலாம். அவர் வாய்திறந்து சொல்லமாட்டார். அடுத்த வாரம் வரமாட்டார், அவ்வளவுதான்.

அதனால் முதல் ஆட்டத்துக்கு முன்பே உட்கார்ந்து, எது கதையில் வரவே கூடாது, எது வந்தாலும் விவரிக்காமல் கடந்துபோக வேண்டும் என்று இரண்டு பட்டியல் போடுங்கள். குழந்தைகள், சாதி, பாலியல் வன்முறை மூன்றையும் கேட்காமலே முதல் பட்டியலில் போட்டுவிடுவது எங்கள் வழக்கம். மேசை நடுவில் பெருக்கல் குறி போட்ட ஒரு அட்டையும் வைக்கலாம். எக்ஸ் கார்டு என்பார்கள். யார் தொட்டாலும் காட்சி அங்கேயே மாறும், காரணம் கேட்கக் கூடாது. கெட்ட கேரக்டர் ஆடுகிறவரே அதை முதலில் எடுத்துவைத்தால் மற்றவர்களுக்கு நம்பிக்கை வரும்.

டிஎம்களுக்கும் ஒரு வார்த்தை. கெட்டவன் எதைச் செய்தாலும் ஊர் சும்மா இருந்தால் அவன் செய்கைக்கு அர்த்தம் இல்லை. அதற்காக ஒரு திருட்டுக்கு நாற்பது வீரர்களை இறக்கி அவனைக் கொல்வதும் வேண்டாம். சத்திரக்காரன் செத்தால் அடுத்த ஊரில் கதவு திறக்காது, விலை ஏறும், அவன் மகள் ஒருநாள் தேடி வருவாள்.

சில சமயம் எல்லாம் சரியாக ஆடினாலும், அவனுடைய ஆசையும் பார்ட்டியின் பாதையும் பிரிந்துவிடும். அப்போது இழுத்துப் பிடிக்காமல், பிரிகிற காட்சியை எல்லோரும் சேர்ந்து நன்றாக ஆடி முடித்துவிட்டு, அந்த ஷீட்டை டிஎம்மிடம் கொடுத்துவிட்டுப் புதுக் கேரக்டர் போடுங்கள். அவன் வில்லனாகத் திரும்பி வரும்போது, அவன் எதற்கு ஆசைப்படுகிறான் என்பது உங்கள் பார்ட்டியில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.