பிரெயில் சொல்லிக்கொடுக்கும்போது நம் கண் குறுக்கே வருகிறது

கோபிப் பக்கம் ஒரு வீட்டில் கண் தெரியாத ஏழு வயதுக் குழந்தைக்கு, விரலால் தொட்டுப் படிக்கும் பிரெயில் எழுத்தை அம்மா சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். "கொள்ளு எழுது சாமி. முதல்ல கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால்." பாவம், குழந்தை புள்ளி குத்தும் ஊசியான ஸ்டைலஸைப் பிடித்தபடி கொம்பு எந்தப் புள்ளி என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தது. பிரெயிலில் கொம்பும் இல்லை, காலும் இல்லை, ஆறு புள்ளிக்கு இடமுள்ள கட்டங்கள்தான். 1951இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வந்த பாரதி பிரெயிலின் கணக்கே ஒலிக்குத்தான் புள்ளி என்பது, அதனால் க, அடுத்த கட்டத்தில் ஒ. மெய்யெழுத்துக்கு நாம் தலையில் வைக்கும் புள்ளி மட்டும் அங்கே எழுத்துக்கு முன்னாலேயே, 4ஆம் புள்ளியாகத் தனிக் கட்டத்தில் வரும். ஆக கொள்ளு என்றால் க, ஒ, 4ஆம் புள்ளி, ள, ள, உ. அச்செழுத்தின் உருவத்தை வைத்துப் பாடம் நடத்துவதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய தவறு.

நாமக்கல் முட்டை அட்டையில் ஆறு குழி வெட்டி, கோலிக்குண்டு போட்டு, இடப்பக்கம் 1, 2, 3, வலப்பக்கம் 4, 5, 6 என்று காட்டுவது நல்ல தொடக்கம். ஆனால் மாதக்கணக்கில் அதிலேயே நிற்காதீர்கள், குண்டை எண்ணிப் பழகிய குழந்தை தாளிலும் புள்ளியை எண்ண ஆரம்பித்துவிடும். தாளில் ஒரு கட்டம் விரல்நுனிக்குள் அடங்கிவிடுமே, தொட்டதும் எழுத்தாகத் தெரிய வேண்டாமா?

குழந்தையின் விரலைப் பிடித்து இழுக்கவே இழுக்காதீர்கள். உங்கள் கைமேல் அது கை வைத்துப் பார்க்கட்டும். அழுத்தித் தேய்த்தால் புள்ளி மழுங்கும், விரலும் மரத்துப்போகும். ஒற்றை விரலோடு விட்டுவிடவும் வேண்டாம், வலக்கை வரியை முடிக்கும்போதே இடக்கை அடுத்த வரியைப் பிடித்துவிட வேண்டும்.

இ (2, 4), ஏ (1, 5) இரண்டும் கண்ணாடியில் பார்த்ததுபோல் இடம் மாறியவை, ஒரே நாளில் சொல்லித்தராதீர்கள். அதுவும் ஸ்லேட்டில், அதாவது தாளைச் செருகும் சட்டத்தில், பின்பக்கமிருந்து வலமிருந்து இடமாகக் குத்துவதால் குழப்பம் இரட்டிப்பாகும். "திருப்பி எழுது" என்று சொல்லாமல், முதலில் வரும் வரிசை 1, 2, 3 என்று எண்ணாலேயே சொல்லுங்கள்.

அந்த வீட்டு அப்புச்சி கேட்டார்: "போனே எல்லாத்தையும் படிச்சுக் காட்டுதுங்களே டீச்சர், இது எதுக்குங்க?" கரிக்கும் கறிக்கும் எந்த ர, எந்த ற என்று காது சொல்லாதுங்க, விரல்தான் சொல்லும் என்றேன். அன்றைக்கே அடுப்படி டப்பாக்களில் பிரெயில் சீட்டு ஒட்டினோம், முதல் சீட்டு கொள்ளுக்கு.