தீயணைப்பு வேறு, சாக்கடை வேறு: பக்கத்து ஊரோடு ஒப்பந்தம் போடும் முறை

இரண்டு பக்கத்து ஊர் மன்றங்கள் உட்கார்ந்து, தீயணைப்பையும் பாதாளச் சாக்கடையையும் சேர்ந்தே நடத்தலாமே என்று பேச ஆரம்பித்தால், நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: இரண்டையும் ஒரே காகிதத்தில் எழுதாதீர்கள். இந்த மாதிரி ஒப்பந்தங்களுக்கு வரைவு எழுதிக் கொடுப்பது என் தொழில். தீயணைப்பு உதவி கைமாற்று மாதிரி. இன்று நாங்கள் வண்டி அனுப்புகிறோம், நாளைக்கு நீங்கள் அனுப்புவீர்கள். ஒத்துவராவிட்டால் மூன்று மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு விலகிவிடலாம். சாக்கடையில் அது நடக்காது. மேட்டு ஊரின் குழாயைப் பள்ளத்து ஊரின் குழாயோடு சேர்த்த பிறகு, இரண்டு மன்றங்களுக்கும் பேச்சுவார்த்தையே நின்றுபோனாலும் கழிவுநீர் பள்ளத்துக்குத்தான் ஓடும்.

சேர்த்துக் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் சியாட்டில் நல்ல உதாரணம். வாஷிங்டன் ஏரியைச் சுற்றியிருந்த ஊர்களின் கழிவுநீர் ஏரியில் விழுந்து தண்ணீர் கலங்கிப் பாசி பிடித்துக்கொண்டிருந்தது. கழிவுநீர், போக்குவரத்து, நகரத் திட்டமிடல் மூன்றையும் ஒரே பொது அமைப்பிடம் கொடுக்கும் யோசனை 1958 மார்ச்சில் வாக்கெடுப்புக்கு வந்தது. நகரத்துக்குள் ஆதரவு இருந்தது, சுற்றுப்புற ஊர்களில் தோற்றது. அதே வருடம் செப்டம்பரில் கழிவுநீரை மட்டும் வைத்துக்கொண்டு, பரப்பையும் சுருக்கி மறுபடி கேட்டார்கள். நிறைவேறியது. 1968-க்குள் ஏரியில் விழுந்த கழிவுநீரை வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள், ஏரியும் தெளிந்தது.

சரி, முதலில் தீயணைப்பு. அதுதான் சுலபம்.

ஊர் எல்லை போட்ட வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு, நேர வரைபடம் ஒன்று தயார் செய்யுங்கள். ஒவ்வொரு நிலையத்திலிருந்தும் நான்கு நிமிடத்தில் வண்டி எதுவரை போகிறது என்று அதில் வட்டம் கட்டுங்கள். முழுநேர வீரர்கள் இருக்கும் நிலையங்களுக்கு அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் (என்.எஃப்.பி.ஏ.) எழுதிய 1710 தரம் முதல் வண்டியின் பயண நேரத்தை 240 வினாடி என்று வைத்திருக்கிறது. உங்களை அது கட்டுப்படுத்தாது என்றாலும் அளவுகோலாக உதவும். மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டு வட்டம் வரைய வேண்டாம். பழைய அழைப்புப் பதிவேட்டை எடுத்து, வண்டி கிளம்பிய நேரத்தையும் போய்ச் சேர்ந்த நேரத்தையும் பாருங்கள். ரயில்வே கேட்டும் சந்தை நாள் நெரிசலும் அதில்தான் தெரியும். உங்கள் ஊரின் ஏதாவது ஒரு மூலை பக்கத்து ஊர் நிலையத்துக்குக் கிட்டத்தில் இருப்பதும், அவர்களுடைய ஒரு மூலை உங்களுக்குக் கிட்டத்தில் இருப்பதும் அப்போது கண்ணில் படும். பேச்சை அங்கிருந்து தொடங்குங்கள்.

உதவியில் இரண்டு வகை உண்டு. கேட்டால் வருவது ஒன்று, கேட்காமலே வருவது இன்னொன்று. கேட்டால் வருவதில், உங்கள் அதிகாரி தீ எரியும் இடத்துக்குப் போய்ப் பார்த்து, தன்னால் முடியாது என்று முடிவுசெய்து, கேட்டு, அவர்கள் கிளம்பி வரவேண்டும். அதற்குள் கூரை இறங்கிவிடும். கேட்காமலே வருவதில், முதல் அழைப்பிலேயே கட்டுப்பாட்டு அறை யார் வண்டி கிட்டத்தில் இருக்கிறதோ அதை அனுப்பிவிடும். எல்லையோரத் தெருக்களுக்குக் கேட்காமலே வருவதை வையுங்கள், தெருப் பெயர்களை இணைப்பில் பட்டியலாகப் போடுங்கள். மற்ற இடங்களுக்குக் கேட்டால் வருவது போதும். முழு ஊருக்கும் கேட்காமலே வருவதை வைத்தால், குப்பை எரிந்த அழைப்புக்கெல்லாம் வண்டி போய்வந்து ஆறே மாதத்தில் இரண்டு பக்கமும் சலித்துவிடும்.

வரைவில் யாரும் எழுத நினைக்காத ஒரு விஷயம் ஹோஸ் கப்ளிங், அதாவது தண்ணீர் ஹோஸின் முனையில் இருக்கும் இணைப்பு வாய். 1904 பிப்ரவரி 7 அன்று பால்டிமோரில் பெருந்தீ பிடித்தபோது வாஷிங்டன், பிலடெல்பியா, நியூயார்க் நகரங்களிலிருந்து வண்டிகள் ஓடி வந்தன. பல வண்டிகளின் ஹோஸ் அந்த ஊர் ஹைட்ரன்டில், அதாவது தீயணைப்புக்குத் தண்ணீர் எடுக்கும் தெருக் குழாயில், பொருந்தவில்லை. சுமார் 30 மணி நேரம் எரிந்த அந்தத் தீயில் 1,500-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. அன்றைக்கு அமெரிக்காவில் 600-க்கு மேற்பட்ட கப்ளிங் அளவுகள் புழக்கத்தில் இருந்தனவாம். அதன் பிறகுதான் பொதுத் தரம் வந்தது. அந்தப் பாடம் முழுக்க ஏறிவிட்டதா என்றால் இல்லை. 1991 அக்டோபரில் கலிபோர்னியாவின் ஓக்லாந்து மலைப்பகுதியில் 25 பேர் இறந்த தீயின்போது, அந்த ஊர் ஹைட்ரன்டுகளின் வாய் 3 அங்குலம், உதவிக்கு வந்தவர்களின் ஹோஸ் இரண்டரை அங்குலம். அதனால் கையெழுத்துக்கு முன்னால் ஒரு காலை நேரத்தில் ஒவ்வொரு ஊர் ஹைட்ரன்டிலும் மற்ற ஊர் வண்டியின் ஹோஸை மாட்டி, தண்ணீரைத் திறந்து பாருங்கள். வரைபடத்தில் அளவு ஒன்றாக இருக்கிறது என்று பொறியாளர் சொன்னால் நம்பாதீர்கள். பொருந்தாத இடத்துக்கு அடாப்டர் வாங்கி ஒவ்வொரு வண்டியிலும் வைத்துவிடலாம், பெரிய செலவில்லை.

அதே நாளில் வயர்லெஸ் அலைவரிசையும் சோதியுங்கள். அப்புறம் தெருப் பெயர்கள். இரண்டு ஊரிலும் ஸ்டேஷன் ரோடு இருக்கும், பள்ளிக்கூடத் தெரு இருக்கும். அழைப்பை எடுப்பவர் எந்த ஊர் என்று கேட்காமல் வண்டியை அனுப்பினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

எழுத்தில் இருக்கவேண்டிய மற்றவை சுருக்கமாக: தீ எந்த ஊரில் எரிகிறதோ அந்த ஊர் அதிகாரிக்கே தலைமை, வந்த வீரர்கள் தங்கள் சொந்த அதிகாரி வழியாகத்தான் உத்தரவு வாங்குவார்கள். சம்பளமும் காயத்துக்கான இழப்பீடும் அவரவர் ஊர்ப் பொறுப்பு. முதல் 12 மணி நேரத்துக்கு யாரும் யாருக்கும் பில் போடுவதில்லை, செலவான நுரைக் கரைசலை மட்டும் பொருளாகவே திருப்பிக் கொடுப்பது. தன் ஊரிலேயே தீ எரியும்போது 'இப்போது அனுப்ப முடியாது' என்று சொல்லும் உரிமை, அப்படிச் சொன்னதற்காக வழக்குப் போட முடியாது என்ற வரியோடு. இந்தக் கடைசி வரி இல்லாமல் எந்தத் தீயணைப்பு அதிகாரியும் மனசோடு கையெழுத்துப் போடமாட்டார்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை யார் எத்தனை தடவை, எத்தனை மணி நேரம் போனார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கொஞ்சம் ஏறுக்குமாறாக இருந்தால் விட்டுவிடலாம். ஆனால் ஒரு ஊர் தன் நிலையத்தில் ஆளைக் குறைத்துக்கொண்டே போய்ப் பக்கத்து ஊரை நம்பியிருந்தால், அதற்குப் பரஸ்பர உதவி என்று பெயர் சொல்லக்கூடாது. அது சேவையை வாங்குவது, அதற்குத் தனி ஒப்பந்தமும் வருடக் கட்டணமும் வேண்டும். அதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. கலிபோர்னியாவின் லேக்வுட் 1954-ல் நகரமானபோதே பெரும்பாலான சேவைகளைக் கவுண்டியிடமிருந்து (நம் மாவட்டம் போன்ற நிர்வாகம்) ஒப்பந்தத்தில் வாங்கிக்கொண்டது. பிறகு பல ஊர்கள் அதே வழியில் போயின.

இனி சாக்கடை.

இங்கே ஊர் எல்லையைவிட நிலத்தின் சாய்வு பெரிய அதிகாரி. எந்தெந்தத் தெருக்களின் கழிவுநீர் தானாக ஒரே பள்ளத்துக்கு வரும் என்று முதலில் பாருங்கள். ஜெர்மனியில் எம்ஷர் ஆற்றுப் படுகையில் இருந்த ஊர்கள் 1899-ல் இதற்காகவே ஒரு கூட்டமைப்பு அமைத்தன. நிலக்கரிச் சுரங்கத்தால் தரை தாழ்ந்துகொண்டே இருந்ததால் நிலத்தடிக் குழாய் தாங்காது என்று, ஆற்றையே கழிவுநீர்க் கால்வாயாக்கினார்கள். சுரங்கங்களும் ஆலைகளும் அதில் உறுப்பினர்கள், அவையும் பணம் கட்டின. ஆற்றை மீட்கும் வேலை 1992-ல் தொடங்கி, 2021 முடிவில்தான் அது கழிவுநீர் இல்லாத ஆறானது. சாக்கடை விஷயத்தில் இன்றைக்கு எடுக்கும் முடிவு பேரப்பிள்ளைகள் காலம் வரை ஓடும். அதிகம் அழுக்குச் செய்பவர்களை ஆரம்பத்திலேயே மேஜைக்கு அழைத்துவிட வேண்டும் என்பதையும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

சண்டை வருவது பணத்தில் என்று நினைப்பார்கள். பெரும்பாலும் அளவில்தான் வருகிறது. அனுப்பும் ஊரின் குழாய் எல்லையைத் தாண்டும் இடத்தில் ஒரு மீட்டர் அறை வேண்டும், இரண்டு ஊருக்கும் சாவி இருக்கவேண்டும், அளவுகள் இரண்டு அலுவலகத்திலும் ஒரே நேரத்தில் தெரியவேண்டும். வருடத்துக்கு ஒருமுறை மூன்றாவது ஆள் வந்து சரிபார்க்கவேண்டும். மீட்டர் பழுதான நாட்களுக்கு எந்தக் கணக்கு என்பதையும் அப்போதே எழுதிவிடுங்கள். போன வருடம் அதே மாதத்தின் சராசரி என்று வைத்தால் மழைக்கால வித்தியாசமும் அதற்குள் வந்துவிடும்.

மழைக்காலத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய குழாய்களின் விரிசல் வழியாக நிலத்தடி நீர் உள்ளே வரும், மொட்டைமாடித் தண்ணீரைச் சாக்கடையில் விடுபவர்களும் உண்டு. ஊரே தூங்கும் நேரத்தில், அதிகாலை இரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை மீட்டரைப் பாருங்கள். அப்போது ஓடுவதில் பெரும்பகுதி வீடுகளிலிருந்து வந்ததாக இருக்காது. அனுப்பும் ஊர் 'நாங்கள் குடிநீர் இவ்வளவுதான் கொடுக்கிறோம், அதில் 80 சதவீதம்தான் கழிவுநீர்' என்று கணக்குக் காட்டும். வடிவமைப்புக்கு அந்தக் கணக்குச் சரி. பில்லுக்கு மீட்டர் மட்டும்தான்.

செலவைப் பங்கிடுவதில் ஒரே விகிதத்தை எல்லாவற்றுக்கும் போடாதீர்கள். சுத்திகரிப்பு நிலையத்தின் கொள்ளளவு நாளுக்கு 10 மில்லியன் லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். பெரிய ஊர் 6, சின்ன ஊர் 4 என்று இடம் பிடித்திருக்கிறது. இந்த வருடம் உண்மையில் வந்தது 5-ம் 2-ம். கட்டுமானக் கடனை வந்த அளவில் பங்கிட்டால், 40 சதவீத இடத்தைப் பிடித்து வைத்திருக்கும் சின்ன ஊர் 29 சதவீதம்கூடக் கட்டாது. பெரிய ஊர் கொதிக்கும், நியாயமும் அதன் பக்கம்தான். கடன், பிடித்த இடத்தின் அளவில் 60:40. மின்சாரம், ரசாயனம், சேறு அகற்றுதல் எல்லாம் வந்த அளவில் 5:2. நிலையத்தைச் சராசரி ஓட்டத்துக்காக மட்டும் கட்டுவதில்லை, காலை நேரத்து உச்ச ஓட்டத்தையும் அது தாங்கவேண்டும். அதனால் பிடித்த இடத்தை எழுதும்போது இரண்டு எண்களையும் எழுதுங்கள். பிடித்து வைத்துவிட்டுப் பயன்படுத்தாத இடத்தை விற்க நினைத்தால் முதலில் பக்கத்து ஊரிடம்தான் கேட்கவேண்டும் என்ற வரியும் தேவை.

அளவு சரி, அழுக்கு? வீட்டுக் கழிவுநீரில் பி.ஓ.டி. (அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) பொதுவாக லிட்டருக்கு 200, 300 மில்லிகிராம் அளவில் இருக்கும். ஒரு பால் பதனிடும் ஆலை அதைவிடப் பல மடங்கு அனுப்பும், மீட்டருக்கு அது தெரியாது. கழிவுநீரை வாங்கிச் சுத்திகரிக்கும் ஊர் ஆலைகளுக்கு என்ன விதி வைத்திருக்கிறதோ அதே கடுமையான விதியை அனுப்பும் ஊரும் தன் மன்றத்தில் நிறைவேற்ற வேண்டும், மாதிரி எடுக்க வாங்கும் ஊர் ஆட்களை உள்ளே விடவேண்டும். இன்னொன்று, தூரத்திலிருந்து பம்ப் செய்து வரும் கழிவுநீர் குழாயிலேயே காற்றில்லாமல் அழுகிவிடும். அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு, கான்கிரீட் மேன்ஹோலை உள்ளிருந்தே அரிக்கும், இறங்கும் ஆளைக் கொல்லும். அந்த வாயுவைக் கட்டுப்படுத்தும் செலவு அனுப்புபவருடையது என்று எழுதாவிட்டால், வாங்கும் ஊர்தான் மேன்ஹோல்களை மாற்றிக்கொண்டே இருக்கும்.

பணம் கட்டாவிட்டால் என்ன செய்வது? குடிநீர் என்றால் வால்வை மூடலாம். சாக்கடையை மூட முடியாது, மூடினால் அடுத்தவர் வீட்டுக் கழிப்பறையில்தான் பொங்கும். ஆகவே 'கட்டணம் தவறினால் சேவை நிறுத்தப்படும்' என்று மற்ற ஒப்பந்தங்களிலிருந்து எடுத்து ஒட்டிய வரியைப் பார்த்தால் உடனே அடித்துவிடுவேன். அதற்குப் பதில்: மூன்று மாதக் கட்டணம் முன்பணம், தாமதத்துக்கு வட்டி, பாக்கி தீரும்வரை அனுப்பும் ஊரில் புதிய இணைப்பு கிடையாது. கடைசியது நன்றாக வேலை செய்யும். புதிய வீடு கட்டுபவர்கள் மன்றத்தை விடமாட்டார்கள்.

காலத்தைக் கடன் தீரும் காலத்தோடு சேர்த்துக் கட்டுங்கள். விலக நினைப்பவர் குறைந்தது ஐந்து வருடம் முன்னால் சொல்லவேண்டும், தன் பங்குக் கடனைத் தீர்க்கவேண்டும், வேறு நிலையம் ஓடத் தொடங்கிய பிறகுதான் குழாயைத் துண்டிக்கவேண்டும். கூட்டு நிர்வாகக் குழுவில் சின்ன ஊருக்கும் ஒரு தடுப்பு வாக்கு கொடுங்கள், எல்லாவற்றுக்கும் வேண்டாம், விரிவாக்கத்துக்கும் புதிய கடனுக்கும் மட்டும். கழிவுநீரை ஆற்றில் விடும் உரிமம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் கசிவு நேர்ந்தால் அரசுக்குப் பதில் சொல்லவேண்டும். அதனால் கசிவைக் கண்ட ஒரு மணி நேரத்துக்குள் தகவல் சொல்லும் கடமையை இரண்டு பக்கத்துக்கும் வையுங்கள், நபர் பெயரில் இல்லாமல் பதவியின் பெயரில்.

இரண்டு மன்றங்களும் ஒரே வாசகத்தைத் தீர்மானமாக நிறைவேற்றவேண்டும். ஒரு மன்றம் 'சிறு திருத்தங்களுடன்' நிறைவேற்றினால் அது ஒப்பந்தமாகாது. மறுபடி முதலிலிருந்து வாருங்கள்.

மீட்டர் வைக்க மட்டும் ஒப்பந்தம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். பேச்சு தொடங்கும் முன்பே தற்காலிக மீட்டர் ஒன்றை மேன்ஹோலில் இறக்கி ஒரு மழைக்காலம் முழுக்க ஓடவிடுங்கள். அந்த எண்கள் கையில் இல்லாமல் போட்ட விகிதம் எதுவும் முதல் பெருமழையைத் தாண்டி நிற்பதில்லை.