கணக்கில் வராத நாலு காப்பி: அன்றாடப் பழக்கங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் திருநெல்வேலி டவுனில் அரைக் கிலோ அல்வா வாங்கிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். வாழையிலைத் துண்டில் கொஞ்சம் வைத்து நெய் வழிய நீட்டினேன். "எனக்கு சுகர் இருக்குலா, வேண்டாம்யா" என்று இலையை ஒதுக்கிவிட்டார். கவனமாக இருக்கிறாரே என்று மனதுக்கு நிம்மதியாக இருந்தது. பத்து நிமிடம் கழித்து அத்தை டம்ளர் நிறையக் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து வைத்தார். மாமா மறுபேச்சில்லாமல் குடித்தார். அன்றைக்கு அது அவருக்கு மூன்றாவது. என்ன மாமா இது என்றேன். "கருப்பட்டிலா, ஒண்ணும் செய்யாது."

அல்வாவை விலக்கியது சரிதான். ஆனால் அல்வா மாதத்தில் ஒரு நாள் வருகிறது, காப்பி தினமும் நாலு தடவை வருகிறது. என்றைக்கோ வாயில் வைப்பதற்குப் பயந்துகொண்டு, அன்றாடம் உள்ளே போவதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பாளையங்கோட்டையிலிருந்து அம்பாசமுத்திரம் வரை நான் பழகிய வீடுகளில் அதிகம் பார்ப்பது இந்தத் தவறைத்தான்.

கருப்பட்டி விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நல்லது என்று நம்பியே நாம் இதில் ஏமாந்துபோகிறோம். பதநீரைக் காய்ச்சி இறுக்கினால் கருப்பட்டி. வெள்ளைச் சீனியில் இல்லாத தாதுச்சத்து கொஞ்சம் உண்டு, அந்த மணத்துக்கு ஈடும் கிடையாது. ஆனாலும் அதில் பெரும்பகுதி சீனியில் உள்ள அதே சுக்ரோஸ்தான். ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். நாட்டுச்சர்க்கரை, தேன் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடும் ஒருவர் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் தரும் அளவு. ஒரு தேக்கரண்டி சீனி சுமார் 4 கிராம். காப்பிக்கு இரண்டு கரண்டி, நாளைக்கு நாலு காப்பி என்று வையுங்கள்: 32 கிராம். சாயங்காலம் கடிக்கும் முந்திரிக்கொத்து இதில் சேரவில்லை. இந்த அளவுகூட சுகர் இல்லாதவர்களுக்குச் சொன்னது. ஒரே நாளில் நிறுத்தினால் மூன்றாம் நாள் பழையபடி ஆகிவிடும். வாரத்துக்கு அரைக் கரண்டி குறைத்துப் பாருங்கள், நாக்கு தானாகப் பழகிக்கொள்ளும்.

டீ, காப்பியில் இன்னொரு சங்கதியும் உண்டு. சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்ட கையோடு குடித்தால், சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். முருங்கைக்கீரை வதக்கிச் சாப்பிட்டுவிட்டு மேலே ஒரு டீ குடிப்பது பாடுபட்டதை வீணாக்குவது. ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். கீரையோடு கொஞ்சம் எலுமிச்சைச் சாறு சேர்ந்தால் சத்து நன்றாகச் சேரும்.

இதைச் சொல்லும்போது எனக்கு நினைவுக்கு வருவது பீடி சுற்றும் பெண்கள். முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் எத்தனையோ வீடுகளின் அடுப்பு எரிவது அவர்கள் கையால்தான். தட்டை மடியில் வைத்துக் குனிந்தால் நிமிர்வதற்கு மதியமாகிவிடும். பக்கத்தில் டீ டம்ளர் இருக்கும், தண்ணீர்ச் செம்பு இருக்காது. சித்தி ஒருமுறை சொன்னார்: "தண்ணி குடிச்சா எந்திச்சுப் போகணும். போய்ட்டு வாரதுக்குள்ள இருவது பீடி போயிரும்." கூலி எண்ணிக்கைக்குத்தான் என்னும்போது அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நம் வெயிலில் தண்ணீர் குடிக்காமலும் சிறுநீரை அடக்கியும் உட்கார்ந்திருந்தால் நீர்க்கடுப்பும் கிருமித்தொற்றும் வரும், கல்லும் உண்டாகும். ஆஸ்பத்திரிக்கு அலையும் நாட்களில் போகும் கூலி அந்த இருபது பீடியைவிடப் பெரிது. செம்பைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். நூறு பீடிக்கு ஒரு தரம் எழுந்து இடுப்பை நிமிர்த்தி நாலு எட்டு நடங்கள். சோற்றில் கை வைக்கும் முன்பும் பிள்ளையைத் தூக்கும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். புகையிலைத் தூள் கையிலேயே ஒட்டியிருக்கும்.

உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். தலைதட்டி ஒரு தேக்கரண்டி, அவ்வளவுதான். குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டு ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் என்று மூன்றையும் தொட்டுக்கொண்டால் குறைத்ததற்குப் பலனில்லை. இந்துப்புக்கு மாறுவதாலும் பிரஷர் இறங்காது, அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். அயோடின் சேர்க்காத இந்துப்பு என்றால் அந்தச் சத்தும் போய்விடும்.

நடையிலும் இதே தவறு. ஞாயிற்றுக்கிழமை விடியலில் மைதானத்தைப் பத்துச் சுற்று சுற்றிவிட்டு மற்ற ஆறு நாளும் நாற்காலியை விட்டு எழுவதில்லை. வாரத்துக்கு 150 நிமிடம் வேண்டும், அதாவது ஐந்து நாள், நாளைக்கு அரை மணி. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால், சாப்பிட்டதும் சர்க்கரை விறுவிறுவென ஏறுவது மட்டுப்படும். டவுன்காரர்களுக்கு நாலு ரதவீதியும் வாசலிலேயே இருக்கின்றன.

மாமாவிடம் அன்று இன்னொன்றும் தெரியவந்தது. "பிரஷர் நார்மல் ஆயிட்டு, மாத்திரைய நிப்பாட்டி ரெண்டு மாசமாச்சு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அளவு சரியாக இருந்ததே அந்த மாத்திரையால்தான். தலைவலியோ மயக்கமோ இல்லாமலே ரத்த அழுத்தம் ஏறும், அதை நம்மால் உணர முடியாது. மறுநாள் காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். 160/100. 140/90-ஐத் தொட்டாலே அதிகம். டாக்டர் பார்த்து மாத்திரையைத் திரும்பத் தொடங்கச் சொன்னார். இவரைப் போல அலைய முடியாத பெரியவர்களுக்கு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். பேரைப் பதிந்துவிட்டோம்.

மாத்திரை அட்டை இப்போது காப்பித்தூள் டப்பாவின் மூடிமேல் இருக்கிறது. அதை எடுத்து மாமா கையில் கொடுத்த பிறகுதான் அத்தை டப்பாவைத் திறக்கிறார். நாலு காப்பி இரண்டாகியிருக்கிறது, அதுவும் கருப்பட்டி இல்லாமல்.