டேட்டாபேஸ்ல தமிழ் ???? ஆயிடுச்சா?

மொதல்ல ஃபான்ட்டை திட்டுறதை நிறுத்துங்க, ஃபான்ட் இல்லேன்னா கட்டம் கட்டமாத்தான் தெரியும், கேள்விக்குறியா வந்தா பெரும்பாலும் சேவ் ஆகும்போதே எழுத்து போயிடுச்சுன்னு அர்த்தம். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ்ல டேபிளோட கேரக்டர் செட் (எந்தெந்த எழுத்தை சேமிக்கலாம்ங்கற செட்டிங்) தமிழுக்கு இடமே இல்லாத லத்தீன்1னு (latin1) இருக்கான்னு பாருங்க, இருந்தா தமிழும் இமோஜியும் அடங்குற யூடிஎஃப்8எம்பி4க்கு (utf8mb4) மாத்திடுங்க. பழைய யூடிஎஃப்8 வேணாம், அதுல ஒரு கேரக்டருக்கு 3 பைட்தான், தமிழ் அடங்கிடும், ஆனா இமோஜிக்கு 4 வேணுமே, எவனாவது ஒரு சிரிப்பு பொம்மை போட்டான்னா எரர் அடிக்கும். டேபிளை மாத்திட்டு, ஆப்பும் டேட்டாபேஸும் பேசிக்கிற கனெக்‌ஷன்ல மாத்த மறந்து நான் ஒரு ராத்திரி பூரா முழிச்சேன், அதையும் பாத்துக்கங்க. ஏற்கெனவே ???? ஆனது திரும்பாது, பேக்கப் இருந்தா உண்டு. வேலை தேடுறவங்க, இப்படி சரி பண்ணதை கிட்ஹப்ல நாலு வரி எழுதி வைங்க, இன்டர்வியூல சொல்ல ஒரு கதையாச்சு.